ஹட்சின்சன் 2001: உப்புக்குகை வாயு ஊருக்குள் வந்த வழி

2001 ஜனவரி 17, புதன்கிழமை காலை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்ற ஊரின் கடைவீதியில் திடீரென்று ஒரு வெடிப்பு. அடுத்தடுத்து இருந்த இரண்டு கடைகள் அதில் போய்விட்டன. தெருவுக்கு அடியில் போகும் கேஸ் குழாயில் கசிவு என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள், அது இயல்பான சந்தேகம்தான். ஆனால் அன்றே ஊரின் கிழக்குப் பக்கம் நிலத்தைப் பிளந்துகொண்டு வாயுவும் உப்புநீரும் சேர்ந்து பல மீட்டர் உயரத்துக்குப் பீறிட ஆரம்பித்தன. மறுநாள் நகரும் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு குடியிருப்பில் இன்னொரு வெடிப்பு, அதில் இரண்டு பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

வாயு வந்த இடம் ஊருக்குள் இல்லை. வடமேற்கே சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி யாகி என்ற இடத்தில், தரைக்கு அடியில் உப்புப் பாறையைக் கரைத்து உண்டாக்கிய குகைகளில் இயற்கை எரிவாயுவைச் சேமித்து வைத்திருந்தார்கள். அங்கே எஸ்-1 என்று குறிக்கப்பட்ட ஒரே ஒரு கிணற்றிலிருந்துதான் அத்தனையும் வந்தது. வெளியேறியது ஏறத்தாழ 40 லட்சம் கன மீட்டர்.

இந்த நிகழ்வை நான் இப்போது எடுத்து எழுதக் காரணம் இருக்கிறது. காரைக்குடியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சிலரும், வளைகுடா எண்ணெய் வயல்களில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரியவர்கள் சிலரும் சேர்ந்து உட்கார்ந்து இப்படிப்பட்ட விஷயங்களைப் பேசுவது எங்களுக்கு வழக்கம். ராஜஸ்தானின் பீகானேரில் உப்புக்குகையில் எண்ணெய் சேமிக்கும் யோசனை பற்றிப் பேச்சு வந்தபோது, "மாமா, உப்புக்குகை இடிஞ்சு விழுந்துறாதா?" என்று ஒரு பையன் கேட்டான். காபி கொண்டுவந்த ஆச்சி அவனை முந்திக்கொண்டு, "இடியுறது இருக்கட்டும்ப்பா, உப்பு தண்ணி பட்டாலே கரையுமே, அதுக்குள்ள எப்படிக் காத்து நிக்கும்?" என்றார்கள். இரண்டுமே நல்ல கேள்விகள், பதில் சொல்ல வேண்டிய கேள்விகள். ஆனால் யாகியில் நடந்ததைப் படித்தவனுக்கு மூன்றாவதாக ஒரு கேள்விதான் முதலில் வரும்: கிணறு எப்படி இருக்கிறது?

உப்பு ஏன்?

ஆச்சியின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். உப்பு கரையும் என்பதால்தான் அதில் குகை உண்டாக்குவது சுலபம். துளை போட்டு நன்னீரை உள்ளே விட்டு, கரைந்த உப்புநீரை மேலே எடுத்துக்கொண்டே இருந்தால் குகை பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு கன மீட்டர் இடம் கிடைக்க ஏழெட்டுக் கன மீட்டர் நன்னீர் வேண்டும். தண்ணீர் உப்பால் நிறைவுற்ற பிறகு மேற்கொண்டு எதையும் கரைக்காது. அப்புறம் வாயுவை உள்ளே செலுத்தி அந்த உப்புநீரையும் வெளியே தள்ளிவிடுகிறார்கள். வாயு உப்பைக் கரைப்பதில்லை.

கசிவைப் பொறுத்தவரை உப்புப் பாறைக்கு நிகராக ஒரு பாறையைச் சொல்வது கஷ்டம். சேதமில்லாத உப்பின் ஊடுருவுதிறன், அதாவது வாயுவையோ நீரையோ ஊடே போகவிடும் தன்மை, அளக்கவே சிரமப்படும் அளவுக்குக் குறைவு. அதோடு இன்னொரு குணம்: எல்லாத் திசையிலிருந்தும் அழுத்தம் இருக்கும் இடத்தில் உப்பு உடைவதற்குப் பதிலாக மெதுவாக நகர்கிறது. சின்ன விரிசல் விழுந்தாலும் காலப்போக்கில் தானே மூடிக்கொள்ளும். நன்மையும் அதுதான், பிரச்சினையும் அதுதான். நகரும் உப்பு குகையையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம்தான் அதை எதிர்த்து நிற்கிறது.

ஆக ஒவ்வொரு உப்புக்குகைக்கும் மேலே ஒரு அழுத்த வரம்பு, கீழே ஒரு அழுத்த வரம்பு உண்டு. மேல்வரம்பைத் தாண்டினால் பாறை பிளந்து வாயு தப்பிக்கும். பொதுவாக, கிணற்றுத் துளைக்குள் இறக்கும் இரும்புக் குழாயான கேசிங் பைப் முடியும் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் எடை தரும் அழுத்தத்தில் 80 சதவீதம் அளவில் மேல்வரம்பை வைக்கிறார்கள். கீழ்வரம்புக்குக் கீழே இறங்கினால் குகை வேகமாகச் சுருங்கும், சுவரிலிருந்து உப்புப் பாளங்கள் உதிரும்.

யாகியில் என்ன நடந்தது

ஹட்சின்சன் உப்பால் வாழ்ந்த ஊர். 1887-இல் அங்கே பூமிக்கு அடியில் உப்பு இருப்பது தெரிய வந்தது; அதிலிருந்து எத்தனையோ கம்பெனிகள் துளை போட்டு, தண்ணீர் விட்டு, உப்புநீர் எடுத்துக் காய்ச்சி விற்றன. அந்தப் பழைய துளைகளில் பல சரியாக மூடப்படவில்லை, எங்கே இருக்கின்றன என்ற கணக்கும் இல்லாமல் போயிற்று. அவற்றின் மேல் கடைகளும் வீடுகளும் வந்துவிட்டன.

யாகி குகைகள் 1980-களின் தொடக்கத்தில், அழுத்தத்தில் திரவமாக வைக்கும் எரிபொருளான புரோப்பேனைச் சேமிப்பதற்காக உண்டாக்கப்பட்டவை. அந்தத் தொழில் சரிவராமல் போய், 80-களின் இறுதியில் கிணறுகளில் சிமென்ட் ஊற்றி அடைத்துவிட்டுப் போனார்கள். 1990-களில் வேறொரு நிறுவனம் அந்த இடத்தை வாங்கி, அடைப்பைத் துளைத்துத் திறந்து, அதே குகைகளில் இயற்கை எரிவாயுவை வைத்தது. இந்த இடத்தில்தான் நான் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நம் ஊரில் தண்ணீர் வற்றிய பழைய போரை, கேசிங் பைப்பை மாற்றாமல் அப்படியே விட்டு இன்னும் ஆழமாக இறக்குவார்களே, அந்த மாதிரி வேலைதான் இது. தண்ணீர் போரில் அதனால் மண் இறங்கும், மோட்டார் மாட்டும், அதோடு சரி. இங்கே உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த வாயு.

எஸ்-1 கிணற்றில் கேசிங் முடியும் இடம் சுமார் 240 மீட்டர் ஆழத்தில். அதற்குக் கீழேதான் குகை. ஆனால் கேசிங்கில் ஓட்டை இருந்தது 181 மீட்டர் ஆழத்தில், அதாவது குகைக்கு வெகுமேலே. சிமென்ட் அடைப்பைத் திரும்பத் துளைத்து எடுத்தபோது இரும்பில் விழுந்த சேதம் என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஜனவரி மாதம் வாயுவை உள்ளே ஏற்றி அழுத்தம் உயர்ந்த நிலையில், அந்த ஓட்டை வழியாக வாயு பைப்புக்கு வெளியே வந்தது, பைப்பை ஒட்டியே மேலேறியது, உப்புக்கு மேலே இருக்கும் மெல்லிய டோலமைட் (சுண்ணாம்புப் பாறை போன்ற ஒரு பாறை) அடுக்கில் நுழைந்தது. அந்த அடுக்கில் ஏற்கனவே விரிசல்கள் இருந்தன, ஊரை நோக்கி மெல்ல மேடாகவும் இருந்தது. மேல்நோக்கிப் போவதுதானே வாயுவின் குணம். 11 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடி ஊருக்கு அடியில் வந்து சேர்ந்த பிறகு, மூடாமல் விட்ட அந்தப் பழைய உப்புநீர்த் துளைகள் அதற்கு வாசலாயின.

பிறகு கான்சாஸ் புவியியல் ஆய்வுத் துறையினர் நில அதிர்வு அலைகளை வைத்து அந்த அடுக்கைத் தேடினார்கள். வாயுவை வெளியேற்ற ஊருக்குள்ளும் சுற்றிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட துளைகள் போட்டார்கள். அவற்றில் வாயு கிடைத்தவை கொஞ்சம்தான், ஏனென்றால் பாதை அவ்வளவு குறுகலானது. கிடைத்த துளைகளில் வாயுவைப் பற்றவைத்து எரித்துத் தீர்த்தார்கள். வாரக்கணக்கில் எரிந்தது.

இத்தனைக்கும் நடுவில் எஸ்-1 குகை இடியவில்லை. உப்பு தன் வேலையைச் சரியாகச் செய்தது.

181 மீட்டரில் ஓட்டை ஏன் அவ்வளவு மோசம்

பலர் இந்த இடத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முழு நிகழ்வின் மையமாகத் தெரிகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கடினமான கணக்கில்லை.

240 மீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் எடை தரும் அழுத்தம் ஏறத்தாழ 50 பார் (ஒரு பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் அளவு). அதில் 80 சதவீதம் என்றால் 40 பார். அந்த ஆழத்தில் இது பத்திரமான அழுத்தம்தான், பாறையின் எடை வாயுவைவிட அதிகமாக இருக்கிறது. இப்போது அதே 40 பார் வாயு பைப் வழியாக மேலே வருகிறது என்று வையுங்கள். வாயு லேசானது, நூறு மீட்டர் மேலே வந்தாலும் அதன் அழுத்தம் ஒரு பார்கூடக் குறையாது. ஆனால் பாறையின் எடை ஆழத்துக்குத் தக்கபடி குறைந்துகொண்டே வருகிறது. 181 மீட்டரில் அது 40 பாருக்குச் சற்று முன்பின். 130 மீட்டரில் 28 பார் அளவுதான். ஆக குகை மட்டத்தில் பாறைக்கு அடங்கி இருந்த அதே வாயு, டோலமைட் அடுக்கின் மட்டத்துக்கு வரும்போது மேலே உள்ள பாறையையே தூக்கி நெம்பும் பலத்தோடு இருக்கிறது. மூடியிருந்த விரிசல்கள் விரியும், வழி தானாகப் பிறக்கும்.

குகையில் எண்ணெயோ உப்புநீரோ இருந்தால் கதை வேறு. திரவம் கனமானது, மேலே வரவர அழுத்தம் வேகமாகக் குறையும். உப்புநீர் என்றால் 110 மீட்டருக்குச் சுமார் 13 பார் இறங்கிவிடும். வாயுச் சேமிப்பில் கிணற்றின் மேல்பகுதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. குகைக்காகக் கணக்கிட்ட பத்திரமான அழுத்தம், குகைக்கு மேலே உள்ள கேசிங்கும் சிமென்டும் முழுசாக இருக்கும் வரைதான் பத்திரம்.

இதற்கு மருந்தும் தெரிந்ததுதான். உப்புக்குள் முடியும்படி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கேசிங், இரண்டுக்கும் நன்றாகப் பிடித்த சிமென்ட், அவ்வப்போது நைட்ரஜனை வைத்துக் கசிவுச் சோதனை. இந்த விபத்துக்குப் பிறகு கான்சாஸ் தன் விதிகளை இறுக்கியபோது இரட்டைக் கேசிங்கைக் கட்டாயமாக்கியது. விபத்துக்கு முன்பே பொறியாளர்களுக்குத் தெரிந்த விஷயம் இது, இரண்டு உயிர் போன பிறகு சட்டமாயிற்று என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

குகையே சுருங்கிய கதையும் உண்டு

அந்தப் பையனின் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. குகையே தடுமாறிய நிகழ்வுகளும் இருக்கின்றன.

மிசிசிப்பி மாநிலத்தின் எமினன்ஸ் உப்புக்குவிமாடத்தில், அதாவது ஆழத்திலிருந்து மேலெழும்பிக் குவிந்து நிற்கும் உப்புத் திரளில், முதல் குகை 1970-இல் வாயுச் சேமிப்புக்கு வந்தது. ஆழம் 1,700 மீட்டரிலிருந்து 2,000 மீட்டர் வரை. அவ்வளவு ஆழத்தில் பாறையின் அழுத்தமும் அதிகம், வெப்பமும் அதிகம். இரண்டுமே உப்பின் நகர்வைத் துரிதப்படுத்துபவை. வாயுவை எடுக்கும் காலங்களில் உள்ளழுத்தத்தை 70 பார் வரை இறக்கினார்கள். வெளியே பாறை 350 பாருக்கு மேல் அழுத்துகிறது, உள்ளே 70. உப்பு நகரும் வேகம் இந்த வித்தியாசத்தின் மூன்றாவது முதல் ஐந்தாவது அடுக்கு வரை ஏறும், அதாவது வித்தியாசம் இரண்டு மடங்கானால் வேகம் எட்டு மடங்காகவோ முப்பத்திரண்டு மடங்காகவோ ஆகிவிடும். இரண்டே வருஷத்தில் அந்தக் குகை 40 சதவீதம் வரை சுருங்கிவிட்டது, அதன் தரை பத்துக்கணக்கான மீட்டர் உயர்ந்திருந்தது. வெடிப்பு இல்லை, யாருக்கும் காயம் இல்லை. ஆனால் பெரும் பணம் போட்டு உண்டாக்கிய இடத்தில் கிட்டத்தட்டப் பாதி காணாமல் போயிற்று. இன்று ஆழமான குகைகளில் குறைந்தபட்ச அழுத்தத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கக் காரணம் இந்த அனுபவம். ஒரு குகையில் விற்கவே முடியாமல் எப்போதும் உள்ளேயே விட்டுவைக்கும் வாயு என்று ஒரு பங்கு இருப்பதும் இதனால்தான். குகையைத் தாங்குவது அதன் வேலை.

லூயிசியானாவின் பேயூ கோர்ன் வேறு வகை. அங்கே வாயுச் சேமிப்பே இல்லை, உப்புநீர் எடுத்த குகை. நெப்போலியன்வில் உப்புக்குவிமாடத்தின் ஓரத்துக்கு மிக நெருக்கமாக அதைக் கரைத்துவிட்டார்கள். பக்கவாட்டில் போதிய உப்பு இல்லாமல் சுவர் உடைந்து, வெளிப் பாறை உள்ளே சரிந்து, 2012 ஆகஸ்ட் 3 அன்று மேலே சதுப்புக்காட்டில் பெரும் பள்ளம் விழுந்தது. சுமார் 350 பேர் வீட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. பள்ளம் மாதக்கணக்கில் விரிந்துகொண்டே போனது, மரங்கள் நின்ற நிலையில் தண்ணீருக்குள் இறங்கின. உப்புக்குவிமாடத்தின் விளிம்பு எங்கே என்று சரியாகத் தெரியாமல் குகையைப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இது உதாரணம்.

டெக்சாஸின் மாஸ் பிளஃப் சேமிப்பில் 2004 ஆகஸ்டில் ஒரு குகையின் வாயு முழுக்க நாள்கணக்கில் எரிந்தது. அங்கேயும் கோளாறு குழாய் பக்கம், குகை பக்கம் இல்லை.

வேகமாக வாயுவை எடுக்கும்போது வாயு விரிந்து குளிர்கிறது, சுவரும் குளிர்கிறது, குளிர்ந்த உப்பு சுருங்கப் பார்த்து மேற்பரப்பில் விரிசல் விடுகிறது. மின்சாரத் தேவைக்கேற்ப ஒரே வாரத்தில் பல முறை நிரப்பி எடுக்கும் இன்றைய குகைகளில் இது முக்கியமான ஆய்வுப் பொருள். என் பார்வையில் இந்த விரிசல்கள் குறைந்த ஆழமே போவதால் குகையைக் கவிழ்ப்பதில்லை, ஆனால் கேசிங் முடியும் இடத்தை ஒட்டி விழுந்தால் கவலைப்பட வேண்டும்.

நமக்கு என்ன

செட்டிநாட்டின் கீழே உப்புப் பாறை கிடையாது. ராமநாதபுரம் பக்கம் எடுக்கும் எரிவாயு மணற்பாறை அடுக்குகளிலிருந்து வருவது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் நாடு கச்சா எண்ணெயைச் சேமித்து வைத்திருக்கும் 53 லட்சம் டன் கொள்ளளவுள்ள குகைகள் கடினப் பாறையைக் குடைந்தவை. அங்கே நிலத்தடி நீரின் அழுத்தம் எண்ணெயை அடக்கி வைக்கிறது. உப்பின் நகர்வு என்ற விஷயமே அங்கு இல்லை. இந்த மூன்றையும் உப்புக்குகையோடு சேர்த்துக் குழப்பிப் பேசுவதை நிறையப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பீகானேர்தான் நாம் பார்க்க வேண்டிய இடம். 2017 மத்திய பட்ஜெட்டில் ஒடிசாவின் சண்டிகோலோடு சேர்த்து அந்தப் பெயரும் அறிவிக்கப்பட்டது, கச்சா எண்ணெய்ச் சேமிப்புக்காக. ராஜஸ்தானின் நாகௌர், பீகானேர், கங்காநகர் பகுதிகளுக்கு அடியில் இருப்பது குவிமாடம் இல்லை, கான்சாஸ் மாதிரியே அடுக்கடுக்காகப் படிந்த உப்பு. இடையிடையே டோலமைட், அன்ஹைட்ரைட், களிமண் அடுக்குகள். அடுக்கு உப்பில் குகை உண்டாக்கும்போது இந்தக் கரையாத அடுக்குகள் துருத்திக்கொண்டு நின்று பின்னால் உடைந்து விழும், சில சமயம் உள்ளே தொங்கும் குழாயையும் உடைக்கும். பக்கவாட்டில் வாயு ஓடுவதற்கான பாதையும் அவைதான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியவர், "எண்ணெய்தானே தம்பி வைக்கப் போறாங்க, அதுக்கு ஏன் ஹட்சின்சனை இழுக்கறே?" என்று கேட்டார். மேலே சொன்ன கணக்கின்படி எண்ணெய்க்கு ஆபத்து குறைவு என்பது உண்மைதான், ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாகி குகைகளும் வாயுவுக்காக உண்டாக்கப்பட்டவை அல்ல. புரோப்பேனுக்காக வந்த கிணறுகள் பிறகு கை மாறி, உள்ளே வைக்கும் பொருளும் மாறின. இங்கேயும் நாளை இயற்கை எரிவாயுவோ ஹைட்ரஜனோ வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தால், அன்றைக்கு இருக்கும் கிணறு எதற்காகக் கட்டியதோ அதற்குத்தான் தகுதியாக இருக்கும். முதல் நாளே வாயுவைத் தாங்கும் தரத்தில் இரட்டைக் கேசிங் போட்டுவிட்டால் செலவு கூடுதல்தான், ஆனால் பின்னால் பழைய கிணற்றைத் திருத்துவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பழைய துளைகளும் அங்கே இருக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1970-களிலும் 80-களிலும் பொட்டாஷ் தேடி அந்த உப்பு அடுக்குகளைத் துளைத்துப் பார்த்திருக்கிறது. துளைத்து மாதிரி எடுத்தால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும், அது அவசியமான வேலை, இன்றைக்கு நமக்கு அந்த உப்பைப் பற்றித் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தத் துளைகளால் வந்தது. அதனால் பீகானேர் திட்ட அறிக்கை எப்போது பொதுவில் வந்தாலும், குகையின் வடிவத்தையும் கணினி மாதிரிகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, நான் முதலில் தேடப்போவது அந்தத் துளைகளின் பட்டியலைத்தான்: ஒவ்வொன்றும் எந்த இடம், எந்த ஆழம், உப்புக்கு மேலேயும் கீழேயும் எதை வைத்து அடைத்தார்கள், அடைத்த பிறகு யாராவது சோதித்தார்களா. அந்தப் பட்டியல் அறிக்கையில் இல்லையென்றால் கேட்டு எழுதுவேன். படிக்கிற நீங்களும் எழுதுங்கள்.